நாற்பத்திரண்டில் பதினேழு போனால்...

சனிக்கிழமை காலை பத்தரை மணி. பேராக்கின் சுங்காய் பட்டணத்தை ஒட்டிய ஒரு கோயில் மண்டபம். பின்பக்கம் அன்னதானப் பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் பாய் விரித்துப் பதினொரு பிள்ளைகள். நான்காம் ஆண்டு படிக்கும் பையன் ஒருவன் நோட்டில் 42 – 17 என்று எழுதி, கோடு போட்டு, கீழே 35 என்று விடையும் எழுதிவிட்டான். கை தயங்கவே இல்லை. ஏழில் இரண்டு போனால் ஐந்து, நாலில் ஒன்று போனால் மூன்று. எந்த எண் பெரிதோ அதிலிருந்து சின்னதைக் கழித்துவிட வேண்டியதுதான். இது யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவனே கண்டுபிடித்த வழி. அதே வழியில் 58 – 23 போட்டாலும் அவனுக்கு 35தான் வரும். அது சரியான விடை. இப்படிப் பாதிக் கணக்கு சரியாக வந்துகொண்டிருந்ததால், அவனுடைய வழி இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் படவில்லை.

சொல்லிக்கொடுப்பவர் பணி ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். சிவப்பு மை அவர் கையில் இல்லை. ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து ஐஸ்கிரீம் குச்சிகளை எடுத்தார். பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை நாலு கட்டு, உதிரி ரெண்டு.

"தம்பி, இதுல எனக்குப் பதினேழு குச்சி எடுத்துக் குடு."

பையன் ஒரு கட்டைத் தள்ளி வைத்தான். அடுத்து உதிரிக் குச்சிகள் இரண்டையும் தொட்டான். நின்றுவிட்டான்.

"ஐயா, ஏழு இல்லையே?"

"உதிரியில இல்ல. வேற எங்கயாவது இருக்கா?"

பக்கத்துப் பெண்பிள்ளை சொல்ல வாயெடுத்தாள். ஆசிரியர் கையைக் காட்டி அடக்கினார். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும். கடைசியில் பையன், தப்புக் காரியம் செய்ய அனுமதி கேட்பவனைப் போல மெதுவாகக் கேட்டான்: "கட்டைப் பிரிக்கலாமா?"

பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்பு அந்த வாரம் பின்னம் படித்துக்கொண்டிருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிளோடு காத்திருந்த அவன் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். "வருஷா வருஷம் மேல ஏத்தி விட்டுட்டாங்க அண்ணே. நானும் பையன் நல்லாத்தான் படிக்கிறான்னு நெனச்சிக்கிட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அடுத்த வகுப்புக்குப் போனால் முந்திய வகுப்புப் பாடம் தெரியும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

மலேசியாவில் முதலாம் ஆண்டில் காலடி எடுத்து வைக்கும் பிள்ளையை ஆறாம் ஆண்டு முடியும் வரை யாரும் எங்கும் நிறுத்துவதில்லை. வயது ஏறினால் வகுப்பு ஏறும். தமிழ்நாட்டில் இதை 'ஆல் பாஸ்' என்று சொல்லி, ஆதரித்தும் எதிர்த்தும் சண்டை போடுகிறார்கள். நம் நாட்டில் இதற்குப் பெயர்கூடக் கிடையாது. அவ்வளவு பழகிவிட்டது. 2024 ஏப்ரலில் உலக வங்கி வெளியிட்ட மலேசியப் பொருளாதார அறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது: நம் பிள்ளைகள் பள்ளியில் கழிப்பது 12.5 ஆண்டு, கற்றுக்கொள்வதோ 8.9 ஆண்டுப் பாடம். மிச்சம் மூன்றரை ஆண்டு என்ன ஆனது என்பதற்குச் சுங்காய் மண்டபத்துப் பையனின் நோட்டே சாட்சி. அதே ஆண்டின் இறுதியில் கல்வி அமைச்சு சொன்ன கணக்குப்படி, முதலாம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 122,000 பிள்ளைகளுக்கு வாசிப்பு, எழுத்து, எண் மூன்றும் பிடிபடவில்லை. சிறப்புப் போதனைக்குப் பிறகு சுமார் 48,000 பேர் கரையேறினார்கள். மற்றவர்களும் இரண்டாம் ஆண்டுக்குப் போயிருப்பார்கள்.

ஒரு பாடத்துக்கு ஓராண்டு

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு.

கணிதத்தில் பின்தங்கினாலும், அறிவியலில் பின்தங்கினாலும், தமிழே வாசிக்கத் தடுமாறினாலும் ஆறாண்டுகள் அவனை யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் ஆறாம் ஆண்டு முடிவில் மலாய்மொழியில் தேவையான அடைவு இல்லையென்றால், படிவம் ஒன்றுக்குப் போகாமல் ஓராண்டு புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். யு.பி.எஸ்.ஆர். இருந்தவரை அந்தத் தேர்வின் மலாய்த் தாட்கள் இதை முடிவு செய்தன. இப்போது வகுப்பறை மதிப்பீட்டின் அடைவுநிலை முடிவு செய்கிறது. சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். தேசியப் பள்ளியில் படித்து மலாயில் தடுமாறும் பிள்ளைக்கு இந்த விதி இல்லை. அவன் நேராகப் படிவம் ஒன்றுக்குப் போவான்.

என் பெரியப்பா மகன் கணக்கில் புலி. தோட்டத்துச் சம்பளச் சீட்டை மண்டோருக்கு முன்னாலேயே கூட்டிச் சொல்லிவிடுவான். மலாய்க் கட்டுரைதான் வரவில்லை. ஓராண்டு புகுமுக வகுப்பு. மலாய் கற்றுக்கொண்டான், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த ஓராண்டில் அவனுடைய கணக்குக்கு அங்கே யாரும் தீனி போடவில்லை. கூடப் படித்தவர்கள் வெள்ளைச் சட்டையில் படிவம் இரண்டு போகும்போது இவன் படிவம் ஒன்று. "எந்த வகுப்புடா?" என்று தாத்தா கேட்டால், "நான் பெயில் லா தாத்தா" என்று சொல்லிச் சிரிப்பான். படிவம் ஐந்தை அவன் பார்க்கவில்லை.

ஆக, ஒரே அமைப்புக்குள் இரண்டு எதிர் எதிரான தவறுகள். எதுவும் வராத பிள்ளையை மேலே தள்ளிவிடுகிறோம். ஒன்று மட்டும் வராத பிள்ளையை முழுதாக நிறுத்தி வைக்கிறோம். எது வரவில்லையோ அதில் மட்டும் அவனுக்குக் கூடுதல் காலம் கொடுப்பது ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

மரத்தை அளந்த டேப்பு

ஒரு காலத்தில் தோட்டத்தில் இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, பிள்ளைகள் விஷயத்தில் இல்லை, மரங்கள் விஷயத்தில். ஒரே நாளில் நட்ட பால்மரக் கன்றுகள் ஒரே நாளில் வெட்டுக்கு வருவதில்லை. கிராணியோ மண்டோரோ டேப்பை எடுத்துக்கொண்டு நிரை நிரையாகப் போவார். அடிமரச் சுற்றளவு ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு வந்த மரத்துக்குக் குறி போடுவார்கள். வராத மரத்தை விட்டுவிட்டு, பிறகு ஒருமுறை வந்து அளப்பார்கள். பத்தில் ஏழு மரம் தயாரானால்தான் அந்த நிரைகளில் வெட்டே தொடங்கும். மெலிந்த மரத்தை வயதைப் பார்த்து வெட்டினால் மரமும் போகும், பாலும் போகும் என்று துரைக்குத் தெரியும். அதே துரை நடத்திய பள்ளிக்கூடத்தில் அந்த டேப்பு இல்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்டத்தில் ஒரு பள்ளி வேண்டும் என்றது. சட்டத்துக்காகக் கட்டிய கொட்டகைகள் பல. கங்காணியோ கிராணியோ வாத்தியாராக இருந்த இடங்களும் உண்டு. ஒரே அறையில் எல்லா வகுப்பும் நடக்கும். அந்தப் பள்ளிகளைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த ஓரறையில், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறான் என்று வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும். வேறு வழியே அவருக்கு இல்லை.

பிறகு வந்தவை மடைகள். 1964 வரை ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு தேர்வு இருந்தது. தேறாதவன் அங்கேயே வெளியே. 1965-இல் அந்த மடையைத் திறந்துவிட்டு, ஒன்பதாண்டுக் கல்வி எல்லாருக்கும் என்றார்கள். மடை படிவம் மூன்றுக்கு நகர்ந்தது. பால்வெட்டுக் குடும்பங்களிலிருந்து எத்தனை பேர் அந்தத் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டுக் காட்டு வேலைக்கோ பட்டறைக்கோ போனார்கள் என்று எங்கள் தலைமுறையில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு பெயர் சொல்வார்கள். 1993-இல் பி.எம்.ஆர். வந்து அந்த மடையும் திறந்தது. 2021-இல் யு.பி.எஸ்.ஆர். போனது, மறு ஆண்டு படிவம் மூன்றின் பி.டி.3 போனது. அதன் பின் எஞ்சியது படிவம் ஐந்தின் எஸ்.பி.எம். ஒன்றுதான். பதினேழு வயதில் கழித்தல் தெரியாமல் அங்கே வந்து நிற்கும் பிள்ளைக்குத் திரும்பிப் போக வழி ஏது?

மடைகளைத் திறந்தது தவறு என்று நான் சொல்லவில்லை. சிகாகோ நகரப் பள்ளிகள் 1996-இல் இதற்கு நேரெதிராக நடந்து பார்த்தன. மூன்றாம், ஆறாம், எட்டாம் வகுப்புகளில் தேறாதவர்களை அதே வகுப்பில் உட்கார வைத்தார்கள். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்ததில், மூன்றாம் வகுப்பில் நின்ற பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆறாம் வகுப்பில் நின்றவர்களுக்குக் கேடுதான் மிஞ்சியது என்று தெரிந்தது. புரியாத பாடத்தை அதே மாதிரி இன்னொரு ஆண்டு கேட்டால் மட்டும் புரிந்துவிடுமா?

புளூமின் இன்னொரு முகம்

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாரைக் கேட்டாலும் புளூமைத் தெரியும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி தயாரிக்கச் சொல்லி அந்தக் கூம்புப் படத்தைப் பயிலரங்குக்குப் பயிலரங்கு காட்டியிருப்பார்கள். அதே பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய இன்னொரு கட்டுரையை அவ்வளவு பேர் படித்ததில்லை. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் ஜான் கரோல் என்பவர், பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுவது மூளையைவிடத் தேவைப்படும் நேரம்தான் என்று எழுதியிருந்தார். புளூம் அதைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: எல்லாருக்கும் ஒரே நேரம் கொடுத்துவிட்டு, தேர்ச்சி மட்டும் ஆளுக்கொரு மாதிரி இருக்கிறதே என்று ஏன் ஆச்சரியப்படுகிறோம்? தேர்ச்சியை நிலையாக வைத்து நேரத்தை நெகிழவிட்டால், பத்தில் ஒன்பது பிள்ளைக்கு மேல் பாடத்தைக் கைவரப்பெறுவார்கள் என்றார்.

வழி எளிமையானது. பாடத்தைச் சிறு அலகுகளாகப் பிரி. ஒவ்வோர் அலகின் முடிவிலும் ஒரு சிறு சோதனை வை. அது மதிப்பெண் போட இல்லை, எங்கே இடறுகிறான் என்று பார்க்க. இடறியவனுக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடு. வந்தவனுக்கு அதே பொருளில் ஆழமான வேலை கொடு. நம் ஆசிரியர்கள் நாள் பாடத்திட்டத்தில் தினமும் எழுதும் 'குறைநீக்கல் நடவடிக்கை', 'வளப்படுத்தும் நடவடிக்கை' என்ற இரண்டு கட்டங்களும் இதே சரக்குதான். கட்டங்கள் இருக்கின்றன, நிரப்பவும் செய்கிறார்கள். அவற்றை நடத்த மணி அடிப்பதற்குள் நேரம் இருப்பதில்லை.

நாம் முயலாமல் இல்லை. 1983-இல் வந்த கே.பி.எஸ்.ஆர். பாடத்திட்டம் வாசிப்பு, எழுத்து, எண் மூன்றையும் முன்னிறுத்தி, குறைநீக்கலை வகுப்பறைக்குள் கொண்டு வந்தது. 1996-இல் ஓர் அதிசயம் நடந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, தேறியவர்களை நான்காம் ஆண்டைத் தாண்டி நேராக ஐந்துக்கு ஏற்றினார்கள். வயதைவிட்டுக் கற்றதைப் பார்த்து வகுப்பேற்றிய ஒரே காலம் அது. ஆனால் மேலே பறப்பவனுக்கு மட்டும் வழி திறந்தார்கள், பின்தங்கியவனுக்கு ஒரு சன்னல்கூட வைக்கவில்லை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு டியூஷன் வெறி பிடித்ததுதான் மிச்சம். 2000-த்தோடு அது முடிந்தது. 2010-இல் லினுஸ் திட்டம் வந்தது. மூன்றாம் ஆண்டுக்குள் எல்லாருக்கும் எழுத்தும் எண்ணும் என்று வரிசையாகச் சோதனை வைத்து வடிகட்டினார்கள். நல்ல நோக்கம். ஆனால் விழுக்காட்டுக் கணக்கு மேலே போகத் தொடங்கியதும், விழுக்காட்டை உயர்த்துவதே வேலை என்றானது என்று அன்று வகுப்பில் இருந்தவர்கள் சொல்வார்கள். 2019-இல் அதுவும் போனது.

இப்போது இருப்பது ஆறு அடைவுநிலைகள் கொண்ட வகுப்பறை மதிப்பீடு. மூன்றாம் அடைவுநிலை என்றால் குறைந்தபட்சத் தேர்ச்சி. தாளில் பார்த்தால் புளூமே கைதட்டுவார். ஆனால் ஒன்று, இரண்டில் நிற்கும் பிள்ளைக்கு அடுத்த திங்கள்கிழமை என்ன நடக்கும் என்பதற்கு விடை இல்லை. வகுப்பு நகர்ந்துவிடும். "மூணு போட்டாத்தான் யாரும் கூப்பிட்டுக் கேள்வி கேட்க மாட்டாங்க" என்று ஆசிரியர் நண்பர் ஒருவர் சொன்னபோது சிரிக்க முடியவில்லை.

கம்பிப் பந்தலின் கீழ்

தமிழில் இதை உண்மையாகவே நடத்திக் காட்டிய ஊர் ஒன்று உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சி, ஆந்திராவின் ரிஷி வேலியில் கிராமப் பள்ளிகளுக்காக உருவான முறையைத் தழுவி 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 2007-08-இல் அது தமிழ்நாடு முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் போனது.

அந்த வகுப்பில் மேசை நாற்காலி இல்லை, பாய்தான். சுவரைச் சுற்றிப் பிள்ளையின் இடுப்பளவுக்குக் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல் கட்டி, பிள்ளைகள் வரைந்ததையும் எழுதியதையும் அதில் தொங்கவிட்டிருப்பார்கள். பாடநூலை உடைத்துச் சிறு அட்டைகளாக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு படச் சின்னம் போட்டிருந்தார்கள். சுவரில் கற்றல் ஏணி. பிள்ளை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, உரிய அட்டையை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்வான். முதல் நான்கு வகுப்புப் பிள்ளைகளும் ஒரே அறையில் கலந்திருந்தார்கள். காய்ச்சலில் பத்து நாள் வராதவன் திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே ஏறலாம். நான் இதில் மிகவும் மதிப்பது இந்த ஒன்றைத்தான். வேறெந்தப் பள்ளி வராத பிள்ளைக்காகக் காத்திருக்கிறது?

பிறகு அட்டைகள் கிழிந்தன. சில இடங்களில் ஆசிரியர் அட்டை எடுத்துக் கொடுப்பவராகச் சுருங்கிப்போனார். பெற்றோர், "புத்தகமே இல்லாத பள்ளிக்கூடமா?" என்று தனியார் பள்ளியைத் தேடிப் போனார்கள். ஒரு முறையை ஒரே வீச்சில் பல ஆயிரம் பள்ளிகளுக்குக் கட்டளையாக அனுப்பினால் உயிர் போய் உடல் மட்டும் மிஞ்சும். 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அதில் பாதியை மீட்டெடுத்தது. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்தார்கள். பெயர் வைத்தவருக்கு ஒரு வணக்கம். மொட்டு என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் முகம் சுருங்காது.

செம்பனைக்கு நடுவே

பேராக்கில் 134 தமிழ்ப்பள்ளிகள். நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை 150 பிள்ளைகளுக்குக் குறைந்த சிறு பள்ளிகள். சுங்காய் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாகி மக்கள் தாமான்களுக்கு வந்தார்கள். பள்ளி மட்டும் அங்கேயே நின்றுவிட்ட இடங்களில், பிள்ளைகள் வேனில் ஏறித் தோட்டத்துக்குப் படிக்கப் போகிறார்கள். மொத்தம் 30 பிள்ளைகளுக்கும் குறைந்துவிட்டால் அமைச்சின் விதிப்படி இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிக் கூட்டு வகுப்பு நடத்த வேண்டும். ஊரில் இதைச் சாவு மணியாகத்தான் கேட்கிறார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தால், யார் எந்த ஆண்டு என்ற கோடு ஏற்கெனவே பாதி அழிந்துவிட்டது. நாளுக்கு ஒரு மணி நேரம், கணிதத்துக்கும் வாசிப்புக்கும் மட்டும், அந்தக் கோட்டை முழுதாக அழித்துவிடலாம். கழித்தல் வராத நான்காம் ஆண்டுப் பையன் மூன்றாம் ஆண்டுக்காரர்களோடு குச்சி எண்ணட்டும். வாசிப்பில் அவன் முன்னால் நின்றால், அங்கே அவனே சின்னவர்களுக்கு வாசித்துக் காட்டட்டும். இதுவும் நமக்குப் புதிதில்லை. பெரியவன் சின்னவனுக்குச் சொல்லிக்கொடுப்பதைச் சென்னையில் பார்த்துவிட்டு, எழும்பூர் ஆதரவற்ற சிறுவர் பள்ளியில் அதை நடத்திய ஆண்ட்ரூ பெல், 1797-இல் லண்டனில் புத்தகமாக எழுத, அதை மெட்ராஸ் முறை என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். நம் ஊரில் சட்டாம்பிள்ளையைக் கேலிப் பொருளாக்கிவிட்டோம்.

கை கொடுக்க ஆளும் தூரத்தில் இல்லை. தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம், 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கியது, தமிழ்ப் பிரிவும் உண்டு. ஈப்போவில் ஆசிரியர் கல்விக் கழக வளாகம். பயிற்சி ஆசிரியர்களைப் பிள்ளைகள் நிறைந்த பட்டணத்துப் பள்ளிக்கு அனுப்புவதைவிட, எட்டுப் பேர் உட்காரும் தோட்டத்து அறைக்கு அனுப்பினால் என்ன? குச்சி எண்ணும் வேலையை அங்கேதான் அருகிலிருந்து பார்க்க முடியும்.

புகுமுக வகுப்பையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். மலாய் வராத பிள்ளைக்கு மலாயில் மட்டும் கூடுதல் மணி நேரம் கொடுத்து, கணிதத்திலும் அறிவியலிலும் படிவம் ஒன்றிலேயே உட்கார வைத்தால் ஓராண்டு மிஞ்சும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. நேர அட்டவணை போடுபவர் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், அதுதான் நம் நாட்டில் கட்டடத்தைவிடக் கடினம்.

பெரிய முட்டுக்கட்டை வீட்டுக்குள் இருக்கிறது. மண்டப வாசலில் அந்த அம்மாவிடம், "பையனைக் கணக்குக்கு மட்டும் கீழ்வகுப்போட உட்கார வெச்சா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தாமான்ல கேப்பாங்களே அண்ணே... எந்த வகுப்புன்னு" என்றார். பிறகு அவரே, "இங்க சனிக்கிழமை வர்றது யாருக்கும் தெரியாது" என்று சேர்த்துக்கொண்டார். கீழே இறங்கிக் கற்றுக்கொள்ள இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே இடம், யாருக்கும் தெரியாத இடம்.

உள்ளே ஆசிரியர் அடுத்த கணக்குக்குப் போயிருந்தார். 42 – 17க்கு 25 என்று வந்தாயிற்று. 61 – 28, 70 – 34 இரண்டும் குச்சி வைத்தே சரியாக வந்துவிட்டன. இப்போது 100 – 37. பத்துக் கட்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய ரப்பர் வளையத்தால் கட்டி, ஒரே கத்தையாக முன்னால் வைத்தார். உதிரி ஒன்றும் இல்லை. பையன் கத்தையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"ஐயா, இதுல உதிரியும் இல்ல, பத்தும் இல்ல."

"ஆமா."

"ரெண்டு தடவை பிரிக்கணுமா?"

ஆசிரியர் பதில் சொல்லாமல் பிஸ்கட் டின்னை மூடி, மணி பதினொன்றரை ஆகிவிட்டதைப் பார்த்து, மற்றப் பிள்ளைகளைப் போகச் சொன்னார். பையன் பெரிய வளையத்தை இழுத்தான். அது எகிறிப்போய் அண்டாவுக்குப் பின்னால் விழுந்தது. எடுக்கப் போகவில்லை. இரண்டாவது வளையத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.